14 மி.மீ. லென்ஸில் வலது ஓரத்து நட்சத்திரங்கள் மட்டும் இழுபடுகின்றன. லென்ஸ் பழுதா?

தண்ணீர்மலை தம்பி:
வணக்கம். புதிதாக ஒரு 14 மி.மீ., எஃப்/1.8 லென்ஸ் வாங்கியிருக்கிறேன் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் வாய் பெரிது). கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். கேமரா ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்), 24 மெகாபிக்சல்.

நிலா இல்லாத ஆகஸ்ட் இரவு, ஒன்பதரை மணி வாக்கில், பினாங்கின் பாலிக் புலாவ் கடற்கரையில் தென்மேற்கைப் பார்த்து முக்காலி போட்டேன். எஃப்/1.8, 30 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 1600. லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, கேட்டை நட்சத்திரத்தில் ஃபோகஸ் வைத்தேன். நடுப்பகுதி அருமை. இடது பக்கம் ஆல்பா சென்டாரி இருக்கும் இடமும் பரவாயில்லை. வலது பக்கம் சித்திரை நட்சத்திரமும் அதற்கு அப்பால் இருப்பவையும் கோடாக நீண்டுவிட்டன. வலது கீழ் மூலை இன்னும் மோசம். அங்கே கோடும் இல்லை புள்ளியும் இல்லை, ஒரே கலங்கல்.

ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடையில் சொன்னார்கள். 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போட்டிருக்கிறேன். மாற்றலாமா?

மலைச்சாரல்:
ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் டிசென்டரிங்தான். உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியோ சாய்ந்தோ இருக்கும். எஃப்/1.8 அகலக்கோண லென்ஸ்களில் இது நடக்கிற விஷயம்தான். யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

தூரநோக்கி (கோலாலம்பூர்):
அவசரம் வேண்டாம் தம்பி. நீங்கள் பார்த்த திசைதான் எனக்கு இடிக்கிறது.

14 மி.மீ. லென்ஸ் அகலவாக்கில் ஏறக்குறைய 104 பாகை பிடிக்கும். தென்மேற்கை நடுவில் வைத்தால், படத்தின் இடது ஓரம் நேர் தெற்கு, வலது ஓரம் நேர் மேற்கு. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு 5.4 பாகை வடக்கில் இருக்கிறது. அதனால் வானத்தின் தென்துருவம் உங்களுக்குத் தெற்குத் தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே. அதற்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் மெதுவாக நகரும். மேற்கில் இருப்பவை வான நடுக்கோட்டை (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) ஒட்டியவை, அவற்றுக்குத்தான் முழு வேகம். ஆல்பா சென்டாரி அந்த வேகத்தில் பாதிகூட இல்லை, சித்திரை கிட்டத்தட்ட முழு வேகம். ஒரே படத்தில் இடது பக்கம் புள்ளியாகவும் வலது பக்கம் கோடாகவும் வருவதற்கு லென்ஸ் கெட்டிருக்கவே வேண்டாம்.

கோடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். நம் ஊரில் மேற்கில் மறையும் நட்சத்திரம் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கும். கோடும் செங்குத்தாக இருந்தால் அது வானத்தின் வேலை.

தண்ணீர்மலை தம்பி:
பார்த்தேன் அக்கா. சித்திரைப் பக்கம் செங்குத்துதான். ஆனால் கோடு விழாத அதிகபட்ச நேரத்துக்குச் சொல்லும் 500 விதிப்படி, 500-ஐ லென்ஸின் 14 மி.மீ.-ஆல் வகுத்தால் 35 வினாடி வருகிறதே? நான் 30-தான் வைத்தேன்.

தூரநோக்கி:
அந்த விதி ஃபிலிம் காலத்துத் தாராளம். சின்னதாகப் பிரிண்ட் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் நமக்கு ஒத்துவராது.

கணக்கு இப்படி: வானம் வினாடிக்கு 15 கோணவினாடி (ஒரு கோணவினாடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் 6 மைக்ரான் அளவு, 14 மி.மீ. லென்ஸில் அது 88 கோணவினாடியை அடைக்கிறது. ஆக, நடுக்கோட்டு நட்சத்திரம் 6 வினாடிக்கு ஒரு பிக்சல் தாண்டும், 30 வினாடியில் 5. இது படத்தின் நடுவில். அகலக்கோண லென்ஸ் ஓரங்களை இழுத்து விரிக்கும் என்பதால் வலது ஓரத்தில் அதுவே 8 வரை போகும். 8 அல்லது 10 வினாடிக்கு இறக்கி, ஐஎஸ்ஓ-வை 6400-க்கு ஏற்றி மறுபடி எடுங்கள். நாய்ஸ் (படத்தில் பொரிப்பொரியாகத் தெரிவது) வரட்டும், சோதனைக்குத்தானே.

வலது கீழ் மூலைக் கலங்கலுக்கு மட்டும் இந்தக் கணக்கு போதாது. அது எனக்கும் சந்தேகம்தான்.

பட்டர்வொர்த் வாசி:
தம்பி, நட்சத்திரத்தை வைத்து லென்ஸைச் சோதிக்க வானம் ஒத்துழைக்க வேண்டும். இந்த மாதத்து மேகத்தில் உங்கள் ஒரு வாரம் போய்விடும். ஜார்ஜ்டவுன் கடலோரத்துப் பாடாங் கோத்தாவுக்குப் போங்கள். கடல் கால்வாய்க்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்த் துறைமுக விளக்குகள் தெரியும். விளக்கு நகராது, 14 மி.மீ. லென்ஸுக்கு அந்தத் தூரம் முடிவிலிதான்.

தனியாக நிற்கிற ஒரு விளக்கைப் பிடியுங்கள். கப்பல் விளக்கு வேண்டாம். அதை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, அப்புறம் ஃபோகஸ் வளையத்தைத் தொடவே கூடாது, டேப் ஒட்டிவிடுவது நல்லது. கேமராவை மட்டும் திருப்பி, அதே விளக்கை நான்கு மூலைக்கும் கொண்டுபோய் ஒவ்வொரு படம். விளக்கு வெளுத்துப் போகாதபடி வேகமான ஷட்டர் வையுங்கள், சுற்றிலும் கருப்பாக இருந்தால் கவலையில்லை. இதையே எஃப்/1.8, 2.8, 4 மூன்றிலும் எடுங்கள். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), லென்ஸ் திருத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

நான்கு மூலையிலும் ஒரே மாதிரி சிறகு முளைத்து, 2.8-க்கு வந்ததும் அடங்கினால் அது கோமா என்ற லென்ஸ் குறை. எஃப்/1.8 லென்ஸில் அதை எதிர்பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான்கும் ஒரே மாதிரி மங்கினால் ஃபோகஸ் தளம் வளைந்திருக்கிறது, அதுவும் பழுது இல்லை. ஒரே மூலை மட்டும், எஃப்/4-லும் தேறவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். அதற்கு முன் வேறொரு லென்ஸை மாட்டி அதே மூலையைப் பாருங்கள். அதிலும் கெட்டால் கோளாறு கேமராவின் மவுண்டிலோ (லென்ஸ் மாட்டும் வளையம்) சென்சாரிலோ.

மரப்பலகைப் படகுத்துறைகளில் முக்காலி போடாதீர்கள். ஆள் நடந்தாலே ஆடும்.

மலைச்சாரல்:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முக்காலியில் இருக்கும்போது ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) அணைத்துவிடுங்கள். ஏர்கான் காரிலிருந்து எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள், கண்ணாடி வேர்த்துவிடும். கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

தண்ணீர்மலை தம்பி:
பாடாங் கோத்தா போய் வந்தேன். எஃப்/1.8-இல் நான்கு மூலையிலும் சிறகு. 2.8-இல் மூன்று மூலை சுத்தம். வலது கீழ் மூலை எஃப்/4-லும் ஒரு பக்கமாக வழிகிறது. பழைய 24 மி.மீ. லென்ஸில் அதே மூலை கூராக இருக்கிறது.

பின்னிரவில் மேகம் விலகியது, வீட்டு மொட்டைமாடியிலிருந்து 8 வினாடி வைத்து மேற்கையும் எடுத்தேன். நகர வெளிச்சம் அதிகம், ஆனால் கோடுகள் போய்விட்டன. மூலை மட்டும் அப்படியே.

தூரநோக்கி:
அப்படியானால் இரண்டும் கலந்து வந்திருக்கிறது. கோடு வானம், மூலை லென்ஸ். மலைச்சாரல் சொன்னது பாதி சரி.

மலைச்சாரல்:
முக்கால் என்று போடுங்கள் அக்கா.

பட்டர்வொர்த் வாசி:
கடைக்குப் போகும்போது நட்சத்திரப் படத்தைக் காட்டாதீர்கள். "வைட் லென்ஸ் என்றால் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எஃப்/4-இல் எடுத்த நான்கு மூலைகளை வெட்டி, ஒரே பக்கத்தில் அருகருகே வைத்துக் காட்டுங்கள். வேறு பேச்சே வேண்டாம்.

தண்ணீர்மலை தம்பி:
நீங்கள் சொன்ன அதே வசனத்தைத்தான் முதலில் சொன்னார்கள் அண்ணே! நான்கு மூலைகளைப் பார்த்ததும் மாற்றித் தந்துவிட்டார்கள். புதியதையும் அதே விளக்கில் சோதித்தேன், 2.8-இல் நான்கும் சமம்.

இனி பால்வீதி எடுக்க என்ன செட்டிங் வைப்பது? 10 வினாடியில் படம் இருட்டாக வருகிறதே.

தூரநோக்கி:
எஃப்/2.2, 10 வினாடி, ஐஎஸ்ஓ 6400. அசையாமல் 20 படம் வரிசையாக எடுங்கள். சீக்குவேட்டர் என்ற இலவச மென்பொருளில் அடுக்கினால் நாய்ஸ் நன்றாகக் குறையும். கரையையும் மரங்களையும் தனியாக நிறுத்திவைக்க அதில் வழி இருக்கிறது. விண்டோஸில்தான் ஓடும்.