பயோமார்க்கர், எலக்ட்ரோகெமிக்கல் சென்சார்: படிவத்துல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு உதவி வேணும். ரத்தத்துல இருக்குற மைக்ரோ ஆர்.என்.ஏ-ங்கற ரொம்பச் சின்ன ஆர்.என்.ஏ இழைகள எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் வச்சு அளந்து அல்சைமர், பார்க்கின்சன் மாதிரி நோய்கள முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமான்னு ஒரு ஆய்வு. ரத்தம் குடுக்குறவங்க படிச்சுட்டு கையெழுத்துப் போடுற ஒப்புதல் படிவத்த நான் தமிழ்ல எழுதணும், திங்கக்கிழமை கமிட்டிக்குப் போகுது. விஷயம் இதுதான்: தங்க மின்வாய் (எலக்ட்ரோடு) மேல, தேடுற ஆர்.என்.ஏ-வோட ஜோடி சேரக்கூடிய டி.என்.ஏ இழைய ஒட்டி வைப்பாங்க, ரத்தத்துல அது இருந்தா வந்து பிணையும், பிணைஞ்சா மெத்திலீன் நீலம் மாதிரி ஒரு சாயத்துலேருந்து வர்ற கரன்ட் மாறும், அந்த மாற்றத்த அளக்குறாங்க. எலக்ட்ரோகெமிக்கல் சென்சாருக்கு 'மின்வேதி உணரி', பயோமார்க்கருக்கு, அதாவது உடம்புல என்ன நடக்குதுன்னு காட்டுற மூலக்கூறுக்கு, 'உயிர்ச்சுட்டி'ன்னு போட்டிருக்கேன். சரியா?

—

அக்கா, சுட்டி வேண்டவே வேண்டாம். கம்ப்யூட்டர்ல மவுஸுக்கு சுட்டி, லிங்க்குக்கும் சுட்டி, வீட்ல குறும்பு பண்ற பையனும் சுட்டி. 'உயிர்க்குறிப்பான்' இருக்கே, ஏற்கெனவே நிறைய பேரு எழுதுறாங்க.

—

தம்பி, சுட்டு என்பது நேத்து வந்த சொல் இல்ல. 'அ இ உ அம்மூன்றும் சுட்டு'ன்னு தொல்காப்பியம் சொல்லுது. அந்த எழுத்து தானா பொருள் ஆகாது, வெளியில இருக்குற பொருளக் காட்டும். இந்த மூலக்கூறும் அதத்தானே செய்யுது? குறிப்பான்ல 'ஆன்' ஆண்பால் விகுதி, அது உறுத்துது. அப்புறம் 'உணரி'யும் தப்பு. கருவி உணராது, நமக்கு உணர்த்தும், அதனால 'உணர்த்தி'தான் இலக்கணப்படி சரி. ரகரம் சொல்லுக்கு முதல்ல வராதுங்கறதையும் நினைவுல வச்சுக்குங்க, ஆர்.என்.ஏ-ல 'ஆர்' குறிக்குற சொல்ல ரைபோன்னு எழுதாம இரைபோன்னு எழுதணும்.

—

ஐயா, அழிப்பான்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களே சொல்லுதுங்க, அதுல யாரு ஆண்பால் பாத்தா? உணரியும் பாடப்புத்தகம் வரைக்கும் போயாச்சு, இனிமே மாத்தினா படிக்கிற பிள்ளைங்கதான் குழம்பும்.

—

எங்கட இலங்கைப் பாடப்புத்தகங்களில 'மின்னிரசாயனம்' எண்டுதான் இருக்கு. நீங்கள் ஆக்சிஜனேற்றம் எண்டுறதை நாங்கள் ஒட்சியேற்றம் எண்டுறம், உங்கட ஒடுக்கம் எங்களுக்குத் தாழ்த்தல், திட்ட ஹைட்ரஜன் மின்வாய் எங்களுக்கு நியம ஐதரசன் மின்வாய். மின்வாய் எண்ட சொல்லிலயாவது ரெண்டு பக்கமும் ஒண்டா நிக்கிறம், அதைத் தயவுசெய்து மின்முனை எண்டு மாத்திப் போடாதேங்கோ. மின்வேதி எண்டால் எங்கட ஆக்களுக்கு விளங்க நேரம் எடுக்கும்.

—

நான் காரைக்குடிக்காரன், மின்வேதி எங்க ஊர்ச்சொல் மாதிரி. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் குடுத்து 1953-ல திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கதான் இருக்கு, நாங்க சிக்ரின்னு சொல்லுவோம். வேதின்னா ஏதோ புதுசா செஞ்ச சொல்லுன்னு நினைக்காதீங்க, தாழ்ந்த உலோகத்தப் பொன்னாக்குறத சித்தர்கள் வேதைன்னு சொன்னாங்க. இரசாயனமும் ரசவாதத்தோட ஒட்டினதுதான், அதனால ரெண்டுல எதப் போட்டாலும் ஒரே உலைக்களத்துக்குத்தான் வந்து சேருறோம். ரெண்டையும் ஏத்துக்கலாம்.

—

ரைபோவ விட்டுட்டுப் போக மனசில்ல. ஆர்.என்.ஏ-ல இருக்குற சர்க்கரையான ரைபோஸ்ங்கறது, அரபினோஸ்ங்கற இன்னொரு சர்க்கரைப் பேரோட எழுத்துகள மாத்திப்போட்டு வச்ச பேரு, வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1891-ல செஞ்சது. அரபினோஸ் எங்கேருந்து வந்துச்சு? அரபுப் பிசின்லேருந்து. அரபுப் பிசின் நம்ம வேல மரத்துக்குச் சொந்தக்கார மரத்துலேருந்து வடியுறது. அப்படின்னா ஆர்.என்.ஏ-வ 'வேலினிய உட்கரு அமிலம்'னு சொல்ல வேரும் நியாயமும் இருக்கு, ரகரப் பிரச்சினையும் தீருது. நல்லா யோசிச்சுப் பாருங்க.

—

ஐயா, ரத்தம் குடுக்க வர்ற பாட்டிகிட்ட வேலினியம்னு யாரு சொல்றது! கொரோனா காலத்துல ஆர்.என்.ஏ-ங்கற பேரு டீக்கடை வரைக்கும் வந்துடுச்சு. அப்படியே விடுங்க.

—

நான் மருத்துவர், ரெண்டு நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன். வரைவோட மூணாவது பக்கத்துல 'நோய்க்குறி'ன்னு ஒரு இடத்துல வந்திருக்கு, அத முதல்ல எடுங்க. நோய்க்குறின்னா நம்ம ஆளுங்களுக்கு நோய் வந்துட்டதோட அடையாளம். இங்க அளக்குறது அது இல்ல. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு கொஞ்சம் உடைஞ்சாலே மிர்-451, மிர்-16ங்கற ரெண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ-வும் சீரத்துல (ரத்தம் உறைஞ்சப்புறம் பிரியுற நீர்ல) ஏறிடும், அதுக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்ல. ரத்தத்துல இருக்குற நொதிகள் வெறும் ஆர்.என்.ஏ-வ சீக்கிரம் சிதைச்சுடும், புரதத்தோட சேர்ந்தோ சின்னப் பைகளுக்குள்ள இருந்தோ தப்பிக்கிறதுதான் நம்ம கைக்குக் கிடைக்குது. புரதம் மின்வாய் மேல படிஞ்சும் கரன்ட் மாறும். இவ்வளவு தடுமாற்றம் இருக்குற ஒரு அளவீட்டுக்கு 'நோய்'னு தொடங்குற பேரு வச்சா, 'கூடியிருக்கு'ன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்ததுமே அந்த மனுஷன் தூக்கத்த விட்டுடுவாரு. நடுக்குவாதத்துக்கும் மறதி நோய்க்கும் பயந்துகிட்டேதான் இவங்க வர்றாங்க. உயிர்க்குறிப்பானோ உயிர்ச்சுட்டியோ எதுவும் போடுங்க, ஆனா பக்கத்துலயே 'இது ஆய்வுக்கான அளவு மட்டுமே, இத வச்சு உங்களுக்கு நோய் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது'ன்னு முழு வாக்கியம் வரணும்.

—

நன்றி டாக்டர், நோய்க்குறிய எடுத்துட்டேன், அந்த வாக்கியத்த தடிச்ச எழுத்துல முதல் பக்கத்துக்கே கொண்டு வந்துட்டேன். இப்போதைக்கு மின்வேதி உணரி, உயிர்க்குறிப்பான், ஆர்.என்.ஏ அப்படியே. அஞ்சு பேர் ஒத்துக்கிட்டாங்க, மணியும் பதினொண்ணு ஆச்சு, இதோட அனுப்புறேன்.

—

அனுப்புங்கம்மா, நோயாளி படிக்கிற தாள்ல நான் குறுக்க நிக்கல. ஆனா கல்லூரிப் பாடநூலுக்கான கலைச்சொல் பட்டியல்ல 'உணர்த்தி'ய என் பேருல மாற்றுக் கருத்தா பதிவு பண்ணுங்க. உணரிங்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

—

எங்கட மின்னிரசாயனத்தையும் அதுக்குப் பக்கத்தில போடுங்கோ.