பொறியியல் பட்டதாரிகளைப் பாராட்டுகிறோம். அதன் பிறகு அவர்களைப் பள்ளியோடு இணைத்து வைப்பது எப்படி?

கேள்வி: செபராங் பிறை செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு மாநிலம் செபராங் பிறையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் படித்தவர்களில் 11 பேர் இவ்வாண்டு பொறியியல் பட்டம் பெற்றிருக்கிறார்கள். அவர்களுள் ஒரு மாணவி, நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் படித்தவர். அவருடைய பாட்டி அதே வட்டார ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்தப் பாட்டியையும் மேடையில் அமர்த்திப் பாராட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.

சென்ற ஆண்டுகளில் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவைத்தோம். சில மாதங்கள் கழித்து நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதினால் பெரும்பாலோரிடமிருந்து பதில் வரவில்லை. பாராட்டியதற்குக் கைம்மாறு கேட்பதாக அவர்கள் எண்ணாதபடி, பள்ளிக்கு உதவும் எண்ணத்தை எவ்வாறு ஏற்படுத்துவது?

பதில் 1: பாயான் லெப்பாஸ் பொறியாளர்

ஐயா, புதிய பட்டதாரியிடம் முதலாண்டில் பணம் கேட்காதீர்கள். கல்விக் கடன், வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை ஆகியவற்றுக்கு நடுவே அந்தக் கடிதம் அவருக்கு மனச்சுமையாகிவிடும். அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமைக் காலையைக் கேளுங்கள்.

நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது, எங்கள் பள்ளியில் எனக்கு முன்பே படித்த அண்ணன் ஒருவர் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் இரு வழிகளான மெட்ரிகுலேசனுக்கும் எஸ்.டி.பி.எம்.முக்கும் உள்ள வேறுபாட்டையும், மின்பொறியாளர் தொழிற்சாலையில் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதையும் விளக்கினார். எங்கள் வீட்டில் அதைச் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபின் என் அம்மா அங்கு உற்பத்திப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் அதே வலயத்துக்கு நான் பொறியாளராகச் சென்றேன். இடையில் அந்த இரண்டு மணி நேரம் கிடைத்திராவிட்டால் நான் எந்தப் பக்கம் போயிருப்பேன் என்று தெரியவில்லை.

பதில் 2: கோலாலம்பூர் கட்டுமானப் பொறியாளர்

செயலாளர் ஐயாவுக்கு வணக்கம். பட்டம் கையில் கிடைத்ததும் படிப்பு முடிந்துவிட்டதாக நம் பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் 1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின்படி முதலில் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிய வேண்டும். குறைந்தது மூன்றாண்டு செயல்முறை அனுபவம் பெற்று, தொழில்முறை மதிப்பீட்டிலும் தேறிய பின்னரே பெயருக்கு முன், தொழில்முறைப் பொறியாளரைக் குறிக்கும் ‘ஐ.ஆர்.’ என்று போட்டுக்கொள்ள முடியும். அந்த மதிப்பீட்டுக்கு நான் தனியாகவே தயாரானேன். என் அறிக்கையைப் படித்துத் திருத்தித் தர ஒருவரும் இல்லாததால் முதல் முறை தேறவில்லை.

ஆகவே உங்கள் விழாவுக்கு அந்தத் தகுதி பெற்ற முன்னாள் மாணவர்களையும் அழையுங்கள். ஒவ்வொரு பட்டதாரியையும் அவருடைய துறையைச் சேர்ந்த மூத்தவர் ஒருவரின் அருகில் அமரவைத்து, இருவரும் தொலைபேசி எண்ணைப் பரிமாறிக்கொண்ட பிறகு உணவு பரிமாறுங்கள். மூத்தவர் தரக்கூடிய உதவி அன்றைக்கே தொடங்கிவிடும். நான் இப்போது மூன்று இளையவர்களின் அறிக்கைகளைப் படித்துத் தருகிறேன். அவர்களில் ஒருவர், நான் கேட்காமலேயே, தாம் படித்த பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பட்டறை நடத்த முன்வந்தார். பெண் பொறியாளர்களைக் கட்டாயம் அழையுங்கள். கட்டுமானத் தளத்தில் பாதுகாப்புத் தலைக்கவசம் அணிந்து நிற்கும் ஓர் அக்காவை மாணவிகள் நேரில் பார்க்க வேண்டும்.

பதில் 3: முன்னாள் பொருளாளர்

பண உதவி பற்றி மட்டும் சொல்கிறேன். வேலையில் நிலைத்தவர்களிடம் மாதம் 20 ரிங்கிட் கேளுங்கள். அது எதற்குச் செலவாகும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். வருமான வரிச் சட்டம் 44(6)ஆம் பிரிவின் கீழ் ஒப்புதல் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கும். உங்கள் சங்கத்துக்கு அந்த ஒப்புதல் இல்லையென்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆண்டுதோறும் கணக்கை அனைவருக்கும் அனுப்புங்கள்; எங்கள் சங்கத்தில் ஓராண்டு அது தாமதமானபோது, தவறாமல் கொடுத்துவந்தவர்களே நிறுத்திக்கொண்டார்கள்.

செபராங் பிறை செயலாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘ஐ.ஆர்.’ தகுதி பெற்ற முன்னாள் மாணவர்கள் நால்வரை நான் அறிவேன். இன்றிரவே அவர்களை அழைத்துப் பேசுகிறேன். கட்டுமானத் துறைக்கு எங்களிடம் மூத்தவர் எவரும் இல்லை. சகோதரி, அந்தப் பாட்டியின் பேத்தி படித்ததும் கட்டுமானப் பொறியியல்தான். தாங்கள் ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து வர இயலுமா?