மெனு பாரில் டெக் செய்தி பார்க்க கனமில்லாத ஆப் இருக்கிறதா?

கண்டனூர்க்காரன்:
வணக்கம். ஊரில் எங்கள் பழைய வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், 8 ஜிபி ரேம் உள்ள பழைய மேக்புக். ஹேக்கர் நியூஸ் என்ற டெக் செய்தித் தளத்தில் இன்று என்ன பேசுகிறார்கள் என்று மேலே மெனு பாரில் ஒரு கிளிக்கில் தெரிந்தால் போதும். பிரவுசரில் திறந்தால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடுகிறது. ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன், நாலு தலைப்பைக் காட்ட 400 எம்பி ரேம் எடுத்துக்கொள்கிறது! வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்தால் சுவர் கனத்துக்கு சிக்னலே வராது, போனை முகப்பு ஜன்னலில் வைத்து ஹாட்ஸ்பாட் எடுக்கிறேன், அதனால் டேட்டாவையும் தின்னக்கூடாது. யாராவது ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

செக்காலை ரோடு:
தம்பி, அது எலக்ட்ரானில், அதாவது வெப் பக்கம் போல எழுதி ஆப்பாக மாற்றும் கருவியில், செய்த ஆப்பாக இருக்கும். அப்படிச் செய்த ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முழு பிரவுசரையே (குரோமியம்) சுமந்துகொண்டு வரும், ரேம் அங்கேதான் போகிறது. எக்ஸ்பார் போட்டுப் பாருங்கள், முன்பு பிட்பார் என்று இருந்தது, இலவசம், ஓப்பன் சோர்ஸ். நீங்கள் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், எழுதிப் போட்டால் அது அச்சடிக்கிறதை மெனு பாரில் காட்டும், அவ்வளவுதான். முதல் வரி மேலே நிற்கும், அடுத்த வரியில் மூன்று சிறு கோடு (---) போட்டுவிட்டால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் கிளிக் செய்தால் விரியும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்பதையும் கோப்பின் பெயரிலேயே சொல்லிவிடலாம், நடுவில் 30எம் என்று இருந்தால் 30 நிமிடம். ஹேக்கர் நியூஸுக்கு 2014லிருந்தே ஏபிஐ, அதாவது நிரல்கள் நேரே தகவல் கேட்டு வாங்கும் வழி, இருக்கிறது, அனுமதிச் சாவி எதுவும் கேட்காது.

தேவகோட்டை ரஸ்தா:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவருக்கு அந்த ஏபிஐ வேண்டாம். அதில் முதலில் 500 வரை வெறும் எண்களாக வரும், அப்புறம் ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியாகப் போய்க் கேட்கணும். 20 தலைப்பு வேண்டுமென்றால் 21 தடவை போய்வரணும், சிக்னல் மெலிந்த இடத்தில் பாதியிலேயே நின்றுவிடும். தளங்கள் தங்கள் புதுப் பதிவுகளைப் பட்டியலாகத் தரும் ஆர்எஸ்எஸ் ஓடையை எடுங்கள், ஒரே கோப்பில் தலைப்பும் சுட்டியும் வந்துவிடும். ஹெச்என்ஆர்எஸ்எஸ் என்று ஒரு சேவை இருக்கிறது, அதில் வாசகர் ஓட்டில் 100 புள்ளிக்கு மேல் வாங்கியதை மட்டும் கேட்டு வாங்கலாம். எனக்கு அதுதான் பெரிய நிம்மதி, பட்டியல் சின்னதாகிவிட்டது.

கண்டனூர்க்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றி ரஸ்தா. நேற்று ராத்திரியே போட்டுவிட்டேன், பதினைந்து வரி ஸ்கிரிப்ட், அருமையாக ஓடுகிறது. ஒன்றே ஒன்று, நெட் போன நேரத்தில் பட்டியல் காலியாகிவிடுகிறது, பழையதாவது நின்றால் நல்லது.

தேவகோட்டை ரஸ்தா:
வந்ததை நேரே காட்டாமல் முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் இறக்குங்கள். இறக்கித் தரும் கர்ல் கட்டளை பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் அதைப் பழைய கோப்பின் மேல் மாற்றி வையுங்கள், மெனு எப்போதும் அந்தப் பழைய கோப்பிலிருந்தே படிக்கட்டும். கடைசியாக எத்தனை மணிக்கு வந்தது என்று அடியில் ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள், கரண்ட் போய் வந்த நாளில் உதவும்.