பால்வெட்டு விட்டாச்சு, நடுவலி விடல

அண்ணன்மாரே அக்காமாரே, ஒரு உதவி. குலசேகரம் பக்கம் 19 வருசமா ரப்பர் பால்வெட்டு எனக்கு, விடியக்கால 3 மணிக்கு தலையில லைட்ட கட்டிட்டு எறங்குனா வெயில் ஏறதுக்குள்ள 300 மரம் வெட்டிருவேன், கத்தி பட்டைல போற சத்தத்த வச்சே ஆழம் சரியான்னு சொல்லிருவேன். இப்போ நடுவுல, அதான் கீழ் முதுகுல, எல்4 எல்5 எலும்புக்கு இடையில உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்ப அமுக்குதாம், குனிஞ்சு பால் வடியுற சிரட்டைய எடுத்தா இடது கால் பெருவிரல் வர மரத்துப்போவுது. ஆப்பரேசன் வேண்டாம், ஆனா குனியவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். 6 மாசமா வேற ஆளு வெட்டுறான், பட்டைய பூரா காயமாக்கி வச்சிருக்கான், வலியவிட அத பாக்கத்தான் முடியல. நாகர்கோவில் கோட்டார் ஆயுர்வேத காலேஜ்ல இதுக்கு பாத்தவங்க உண்டா, எத்தன நாள் கெடக்கணும்? ரப்பர் பால ஷீட்டா அடிக்கிற வேலைக்கு கூப்பிடுறாங்க, இந்த நடு தாங்குமா? ரொம்ப நேரம் உக்காந்தாலும் வலிக்கு, அதான் கேக்கேன்.