மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களுக்காகச் சிறு தொண்டு அமைப்பு நடத்துகிறவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பை எழுதுங்கள்

டேம்ஸ்கரை எழுதியது:

காம்பியாவில் சோமா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி, மண்டிங்கா மொழி பேசும் ஒரு கிராமம். கிழக்கு லண்டனிலிருந்து நாங்கள் நடத்தும் அமைப்பு மிகச் சிறியது. சம்பளம் வாங்குகிறவர் யாரும் இல்லை. விமானச் செலவு அவரவர் கைப்பணம். நான் செயலாளர். கோலாக் கொட்டை கொடுத்து ஊர்த் தலைவரான அல்காலோவுக்கு மரியாதை செய்தது, பள்ளிக்கூடம் பார்த்தது, மூன்று சுற்று அத்தாயா தேநீர் குடித்தது, எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். இங்கே வருகிறவர்களுக்கு அதெல்லாம் தெரிந்த கதை.

ஊர் கூடும் இடமான பாந்தாபாவில் கூட்டம். காஃபோ என்ற பெண்கள் சங்கத்தின் தலைவி எழுந்தார், அறுபதைத் தாண்டியவர். பக்கத்தில் ஒரு பள்ளி மாணவி, கையில் கோடு போட்ட நோட்டு. வெங்காயம் விற்று வந்தது எவ்வளவு, வேலிக் கம்பிக்குக் கொடுத்தது எவ்வளவு, பிரசவச் செலவுக்கு யாருக்குக் கடன் தந்தார்கள், அவர் திருப்பிக் கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று அந்தப் பெண் வரிவரியாக வாசித்தாள். கடன் வாங்கியவர் அங்கேயே குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். தன் பெயர் வந்ததும் கையை உயர்த்தி, பாக்கித் தொகையைத் தானே சொன்னார். வாசித்து முடிந்ததும் தலைவி தகரப் பெட்டியைத் திறந்து பணத்தைப் பாயில் கொட்டினார். அழுக்கேறிய டலாசி நோட்டுகளை இரண்டு பெண்கள் தனித்தனியாக எண்ணினார்கள். நோட்டில் இருந்த தொகை பாயிலும் இருந்தது.

பிறகு எங்கள் தலைவரைப் பார்த்துக் கேட்டார்: "எங்கள் கணக்கைக் கேட்டுவிட்டீர்கள். எங்கள் பெயரைச் சொல்லி உங்கள் ஊரில் எவ்வளவு திரட்டினீர்கள்? அதை எப்போது வாசிப்பீர்கள்?"

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அந்த ஊருக்காகத் தன் ஓய்வுக்காலம் முழுவதையும் கொடுத்துக்கொண்டிருப்பவர். "எல்லாம் எங்கள் நாட்டுத் தொண்டு ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்றார். பொய்யில்லை. பதிவு பெற்ற எந்த அமைப்பின் மொத்த வரவு செலவும் இணையத்தில் கிடைக்கும், ஆங்கிலத்தில். ஊர் ஆசிரியர் அதை மண்டிங்காவில் சொல்லி முடித்ததும் அந்த அம்மையார் தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் துண்டறிக்கையின் முகப்பில் இருப்பது அவருடைய படம்தான்.

இங்கே யாராவது கிராமத்துக்குப் போய் உங்கள் கணக்கை வாசித்திருக்கிறீர்களா?


மருந்தாளுநர் பர்மிங்ஹாம் எழுதியது:

வாசித்ததில்லை. கணக்கைவிட அவசரமான ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

காம்பியாவிலேயே, பாஸே என்ற ஊருக்கு அப்பால் ஒரு சுகாதார நிலையம். மருந்து அறையில் இரண்டு அலமாரிகள். ஒன்றில் அரசு அனுப்பியவை, வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றில் எங்களைப் போன்ற அமைப்புகள் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தவை. தாதி அதிலிருந்து ஒரு சீசாவை எடுத்துக் காட்டினார். பாதி காலியான இருமல் மருந்து. இங்கிலாந்து மருந்துக்கடையின் ஒட்டுச்சீட்டு; அதில் ஒரு மூதாட்டியின் பெயர். "இவருக்கு இப்போது உடம்பு சரியாகிவிட்டதா?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். அந்த மூதாட்டி இறந்த பிறகு வீட்டைக் காலி செய்தபோது எடுத்த சீசா அது என்று எனக்குத் தெரியும். வாய் வரவில்லை.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 1996-இலேயே மருந்து நன்கொடைக்கு நெறிமுறை வகுத்துவிட்டது. 1999-இலும் 2010-இலும் அதைத் திருத்தியது. நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தை அனுப்பவே கூடாது. நாட்டுக்குள் போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது மீதம் இருக்க வேண்டும். அந்த நாட்டுச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் புரியும் மொழியில், வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கிருப்பவர்கள் கேட்டதைத்தான் அனுப்ப வேண்டும். இதில் எது தவறினாலும் அந்தத் தாதியின் வேலைதான் இரட்டிப்பாகிறது. வந்ததைப் பிரிக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், கடைசியில் பத்திரமாக அழிக்க வேண்டும். அழிப்பதற்கு அங்கே உலை கிடையாது, குழிதான். ஆகவே சூட்கேஸில் மருந்து வைக்காதீர்கள். பாராசிட்டமால் பன்ஜூலில் கிடைக்கும், அங்கேயே வாங்கிக் கொடுங்கள். கண்டெய்னர் அனுப்புகிறவர்கள் சுங்க வரி விலக்குக் கடிதம் கைக்கு வந்த பிறகு கப்பலில் ஏற்றுங்கள். துறைமுகத்தில் கிடந்தால் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். தராசு, இரத்த அழுத்தமானி போன்றவற்றை அனுப்பினால் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி உங்கள் தொண்டர்கள் அனைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.


நொய்யல் எழுதியது:

மருந்தாளுநர் நண்பருக்கு: நீங்கள் சொன்ன அத்தனையும் சரி. ஆனால் கணக்கைவிட அவசரமானது என்று பிரித்தீர்களே, அதை ஏற்க முடியவில்லை. உங்கள் சீசாவும் கணக்கு விஷயம்தான். ஊரைக் கேட்காமல் செலவழிந்த பணம் அது.

நான் கோவைக்காரன், நிலத்தடி நீர் என் தொழில். கானாவின் வடக்கே ஒரு சிற்றூருக்கு, ஒரு சிறு அமைப்பு போட்ட அடிபம்பைப் பார்க்கப் போனேன். இந்தியா மார்க் டூ. நம் ஊர்த் தெருமுனைகளில் நின்ற அதே பம்பு. 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, மெட்ராஸில் ரிச்சர்ட்சன் அண்டு க்ரட்டாஸ் தொழிற்சாலையில் செய்து, கோவைப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் சோதித்துப் பார்த்த பம்பு. அதை அங்கே கண்டதும் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தேன்.

ஒரு பெண் வெள்ளை எனாமல் பேசினைக் கொண்டுவந்து வைத்து, தண்ணீர் அடித்து, "பொறுங்கள்" என்று சைகை காட்டினார். முதலில் தெளிவாக இருந்த தண்ணீர் மெல்ல மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறத்துக்கு வந்தது. அதில் சோறாக்கினால் சோறும் அந்த நிறம்; வெள்ளைத் துணி துவைக்க முடியாது; நாக்கில் இரும்புச் சுவை. பெண்கள் பம்பைத் தாண்டிப் பழைய திறந்த கிணற்றுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். ஊர் மெக்கானிக் குழாயை மேலே இழுத்துக் காட்டினார். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புக் குழாயின் சுவர் அரித்துப்போய், பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

அமிலத்தன்மை உள்ள நிலத்தடி நீரில் துத்தநாகப் பூச்சு நிற்காது. அந்த வட்டாரத்தில் இது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. அதனால்தான் துருப்பிடிக்காத எஃகுக் குழாயோடு மாற்றியமைத்த மார்க் டூவைக் கானா தன் தரப் பம்புகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மெக்கானிக்குக்கும் தெரியும். "எந்தக் குழாய் போடுகிறீர்கள் என்று என்னை யாரும் கேட்கவில்லை" என்றார். பம்புக்குப் பக்கத்தில் அமைப்பின் பெயர் எழுதிய சிமெண்ட் பலகை உறுதியாக நின்றது. அந்தப் பலகைக்கும் திறப்பு விழா விருந்துக்கும் ஆன தொகையை ஊரில் வாசித்திருந்தால், அதைக் குழாயில் போடுங்கள் என்று அவர் முதல் ஆளாக எழுந்து சொல்லியிருப்பார்.

டேம்ஸ்கரை, வாசியுங்கள். தயங்காதீர்கள்.


ஹாரோ கணக்கர் எழுதியது:

நான் மறுக்கிறேன். முழுக் காரணத்தோடு மறுக்கிறேன்.

எங்கள் அமைப்பின் ஊர்ப் பொறுப்பாளர் இளைஞர், திருமணமானவர், நேர்மையானவர். வகுப்பறைக் கட்டடத்துக்கு நாங்கள் அனுப்பிய மொத்தத் தொகையை அந்த வட்டாரத்து எஃப்எம் வானொலியில் யாரோ நல்லெண்ணத்தில் அறிவித்துவிட்டார்கள். டோபாஸ்கி, அதாவது பக்ரீத், நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு செம்மறிக் கிடாய் வாங்க ஒவ்வொரு வீடும் தவிக்கும் நேரம். அவர் இரவில் நான் தங்கியிருந்த இடத்துக்கு வந்து, ஒன்றும் பேசாமல் தன் கைப்பேசியை மேசையில் வைத்தார். திரை அணையவே இல்லை. மாமன், ஒன்றுவிட்ட அண்ணன், மனைவியின் சித்தப்பா, கூடப் படித்தவன். எல்லோரும் கிடாய்க்குப் பணம் கேட்டார்கள். "இல்லை என்றால் தின்றுவிட்டான் என்கிறார்கள். கொடுத்தால் உங்கள் கணக்கில் துண்டு விழும். என்னை இந்த வேலையிலிருந்து விடுவியுங்கள்" என்றார்.

பவுண்டில் சிறிய தொகை டலாசியில் மிகப் பெரியது. அதைச் சொல்லும்போது சிமெண்ட் விலை, லாரி வாடகை, கூலி எதுவும் கேட்பவர் காதில் ஏறாது. மொத்தம் மட்டும்தான் ஏறும். லண்டனில் இருக்கும் நமக்கு ஒன்றும் ஆகாது. அங்கே வாழ்கிறவர்தான் தெருவில் நடக்க முடியாமல் போகிறார். ஆகவே கணக்கு ஊர்க் குழுவுக்குள் இருக்கட்டும். வங்கியில் இருவர் கையெழுத்து, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, ஆண்டுக்கு ஒருமுறை வெளியார் ஒருவர் சரிபார்ப்பது. இவை போதும். நொய்யல் தம்பி, உங்கள் குழாய்க்குத் தேவைப்பட்டது மெக்கானிக்கைக் கேட்பது. அதற்கு ஊரைக் கூட்டித் தொகை வாசிக்க வேண்டியதில்லை.


டேம்ஸ்கரை எழுதியது:

ஐயா, உங்கள் பொறுப்பாளர் பட்ட பாட்டைப் படித்ததும் எங்கள் ஊர் ஆசிரியரை அழைத்துப் பேசினேன். இதுவும் நடக்குமா என்று கேட்டேன். அவர் சொன்னது: "தொகை ஏற்கெனவே ஊரில் பேசப்படுகிறது. நீங்கள் சொல்லாததால் உண்மையைவிடப் பல மடங்காகப் பேசப்படுகிறது. அந்தப் பெருந்தொகை என் வீட்டில் இருப்பதாகத்தான் பாதிப் பேர் நினைக்கிறார்கள்." வானொலியில் வந்தது மொத்தம் மட்டும். காஃபோ பெண்கள் வாசித்ததோ ஒவ்வொரு வரியும், பாயில் கொட்டிய பணமும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

போன ஆண்டுக் கணக்கைத் தொலைபேசியிலேயே அவருக்கு வரிவரியாகச் சொன்னேன். கிஃப்ட் எய்ட் என்ற வரியில் நிறுத்தினார். இங்கே வரி கட்டுகிறவர் 1 பவுண்ட் கொடுத்தால் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும் என்று விளக்கினேன். "உங்கள் அரசாங்கமும் எங்களுக்குக் கொடுக்கிறதா? இதை ஏன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை?" என்றார். அடுத்து, அங்கே பணம் போய்ச் சேர்வதற்குப் பிடிக்கப்படும் கட்டணத்தைக் கேட்டுவிட்டு, அனுப்புவதைச் சில்லறையாகப் பிரிக்காமல் நிலக்கடலை அறுவடை முடிந்ததும் மொத்தமாக அனுப்பினால் அந்தக் கட்டணம் மிஞ்சும் என்றார். எங்கள் பொருளாளருக்குத் தோன்றாத யோசனை.

தலைவர் இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைத்திருக்கிறேன்.


பனங்காடு எழுதியது:

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். சிறு வயதில் இடம்பெயர்ந்தோர் முகாமில் வரிசையில் நின்று அரிசி வாங்கியிருக்கிறேன். எங்கள் பெயரில் எவ்வளவு வந்தது என்று அம்மா அந்த லாரிக்காரர்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று, முதல் பதிவைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஹாரோ ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கு டேம்ஸ்கரை ஊர் அம்மையாரின் கேள்வி புதிதல்ல. கேட்க இடம் கிடைக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

என் கதை சியரா லியோனில், கைலாஹுன் மாவட்டத்தில். 2014 மே மாதம் அந்த நாட்டின் முதல் எபோலா நோயாளிகள் உறுதியானது அங்கேதான். விமானங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பள்ளிக்கூடங்கள் மூடியே கிடந்து 2015 ஏப்ரலில்தான் திறந்தன. நாங்கள் ஒருவரும் போக முடியவில்லை. கிராமத்துத் தலைமையாசிரியர் மட்டும் கிடைத்த நேரத்தில் மலைமேல் ஏறி நின்று அழைப்பார். ஊர் எல்லையில் கயிறு கட்டிவிட்டோம், குளோரின் தண்ணீர் வாளி வைத்துவிட்டோம், உறவுக்காரர் வந்தாலும் உள்ளே விடுவதில்லை, தனிமைப்படுத்திய வீடுகளுக்கு அரிசியை வாசலில் வைத்துவிட்டு வருகிறோம் என்பார். எல்லாம் அவர்களாகவே முடிவு செய்து செய்தது.

அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: கயிற்றுக் காவலில் நிற்கும் இளைஞர்களுக்குக் கைப்பேசி ரீசார்ஜ். யாருக்காவது காய்ச்சல் என்றால் உடனே சொல்ல வேண்டுமே. நான் பொருளாளர். அறங்காவலர்கள் ஒப்புதல் இல்லாமல் தர முடியாது. கைப்பேசிக் கட்டணம் அமைப்பின் நோக்கத்துக்குள் வருமா என்று மின்னஞ்சலில் விவாதம் தொடங்கியது. ஒருவர், நம் நோக்கம் கல்வி என்றார். இன்னொருவர் ரசீதுக்கு என்ன செய்வது என்றார். நல்லவர்கள், இரவெல்லாம் அந்த ஊரை நினைத்துத் தூங்காதவர்கள்.

அடுத்த அழைப்பில் நான் தொடங்குவதற்குள் அவர் சொன்னார்: "அம்மா, அதை விடுங்கள். பனை எண்ணெய் விற்று வாங்கிவிட்டோம். நீங்கள் நலமா? லண்டனிலும் நோய் வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?" பின்னால் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள், குழந்தைகள் கத்தினார்கள், இணைப்பு அறுந்துவிட்டது.

அவர் பிழைத்துக்கொண்டார், ஊரும் பிழைத்தது. அந்த நாட்டில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள்.

பிறகு எங்கள் விதிகளில் ஒரு வரி சேர்க்கப் போராடினேன். சேர்த்தோம். ஒரு குறிப்பிட்ட தொகை வரை ஊர்க் குழுவே முடிவெடுத்துச் செலவழிக்கலாம். கணக்கைப் பிறகு ஊருக்கும் எங்களுக்கும் ஒன்றாக வாசிக்க வேண்டும். அந்த வரியின் வாசகம் வேண்டுமென்றால் டேம்ஸ்கரைக்கு அனுப்புகிறேன், உங்கள் கூட்டத்துக்கு முன்பே. ஹாரோ ஐயா, நீங்களும் அதைப் பார்த்து எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லுங்கள். கணக்கர் கண்ணுக்குத் தெரிவது எனக்குத் தெரியாது.