சம்பளமில்லாத ஆராய்ச்சிப் பயிற்சியை விடலாமா? நடுவில் ஆச்சி கொடுத்த மூன்று பேரேடு நிற்கிறது

பூக்கல்_பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு மூன்றாம் வருடம் படிக்கிறேன். அப்பாவுக்கு ஆத்தங்குடியில் பூக்கல் (பூப்போட்ட தரைக்கல்) பட்டறையில் வேலை. போன மே மாதம் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு மேடம் வந்தார். செட்டிநாட்டு வீடுகளையும் பழைய கணக்கு ஏடுகளையும் ஆவணப்படுத்தும் ஆராய்ச்சி, உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தி வேண்டும், இரண்டு மாதம், சம்பளம் கிடையாது, முடிவில் சான்றிதழும் எம்.ஏ.வுக்குப் பரிந்துரைக் கடிதமும் தருவேன் என்றார். எங்கள் துறைத்தலைவரே என் பெயரைக் கொடுத்தார். சந்தோஷமாகத்தான் போனேன்.

இப்போது மார்கழி. இன்னும் முடியவில்லை.

வேலை என்னவென்று சொன்னால்தான் புரியும். இங்கே ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் சொந்தக்காரர் ஒருவரில்லை. ஒரு வீட்டுக்குப் பதினோரு பங்காளிகள். ஒருவர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பதினோரு பேருக்கும் போன் போட்டு, கெஞ்சி, சாவி யாரிடம் என்று கேட்டு, வாட்ச்மேன் அண்ணன் தோட்டத்திலிருந்து வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பது என் வேலை. கதவு திறந்ததும் லேசர் மீட்டரோடு மேடத்தின் நகரத்துப் பிள்ளைகள் உள்ளே போய்விடுவார்கள். எனக்கு டேப்பின் ஒரு முனை. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் என்பதால் பிழைத்தேன். உள் கிராமத்துக்கு ஷேர் ஆட்டோ, ஜெராக்ஸ், போன் டேட்டா எல்லாம் மாதாமாதம் வரும் அரசின் புதுமைப்பெண் உதவித்தொகை ஆயிரத்தில்தான். பில் கொடுத்தால் "பார்க்கலாம்" என்பார்கள். இதுவரை பார்க்கவில்லை.

ராத்திரி பதினொன்றுக்கு வாட்ஸ்அப் குழுவில் மேடத்திடமிருந்து, "இதுகூடத் தெரியாதா? உன் இங்கிலீஷை வைத்துக்கொண்டு எந்த யூனிவர்சிட்டிக்குப் போகப் போகிறாய்?" என்று எல்லோர் முன்னாலும் வரும். பரீட்சைக்கு நான்கு நாள் லீவு கேட்டதற்கு "கமிட்மென்ட் இல்லாதவர்களுக்கு நான் கடிதம் எழுதுவதில்லை" என்றார். பனை ஓலைக் கொட்டான் (கூடை) இருபது வாங்கி வா, விருந்தாளிக்கு மணகோலம் பலகாரம் வாங்கி வா என்பதும் ஆராய்ச்சிக் கணக்கில்தான் போகிறது.

எனக்கு மனசு வெட்டுப்பட்டது அப்பா விஷயத்தில். மேடத்தின் விருந்தாளிகளைப் பட்டறைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அப்பாவுக்குக் கல் கணக்கில்தான் கூலி. அரை நாள் அதை விட்டுவிட்டு அவர்கள் படமெடுக்க ஊற்றிக் காட்டினார். கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் சாயம் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே சிமெண்டு மணல் போட்டு, ஒரு பூ பிசகாமல் செய்தார். கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறப்போட வேண்டும், அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் கேட்கவில்லை, மறுநாளே காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காசும் கொடுக்கவில்லை. வழியில் ஆறு கல் உடைந்துவிட்டதாம். அன்று ராத்திரி குழுவில் "உங்கள் அப்பாவின் வேலைத்தரம் இவ்வளவுதானா?" என்று வந்தது. அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சரி, அப்போதே விட்டிருக்கலாமே என்பீர்கள். இங்கேதான் சிக்கல். பக்கத்து ஊரில் ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார்கள். என் அப்பத்தா அவர்கள் வீட்டு அடுப்படியில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அந்த உரிமையில் ஆச்சி எனக்கு மட்டும் மூன்று பேரேடு எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களுடைய அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவில் ரங்கூன் கடையில் எழுதிய கணக்குகள். "உன்னை நம்பித்தான் கொடுக்கிறேன் ஆத்தா, ஸ்கேன் எடுத்துட்டுக் கொண்டாந்துரு" என்றார்கள். பதினைந்து நாள் என்று நான் வாக்குக் கொடுத்தேன். அது ஆவணி. மேடம் அவற்றை ஊருக்கு எடுத்துப் போய்விட்டார். கேட்டால் "ப்ராசஸில் இருக்கிறது". ஆச்சி போன் அடித்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது. இப்போது நான் விலகினால் ஏடு வருமா? விலகாமல் இருந்தால் மட்டும் வருமா?

தேவகோட்டை_ரஸ்தா எழுதியது:

அம்மா, நான் ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் கடையில் சேர்ந்த பையன் முதலில் கூட்டிப் பெருக்குவான், அப்புறம்தான் கணக்குப் பிள்ளை பக்கத்தில் உட்காருவான். பெரிய இடத்துக் கடிதம் லேசில் கிடைக்காது. ஏழு மாதம் பொறுத்தாயிற்று, இன்னும் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாமே?

ஏடுபார்ப்பவள் எழுதியது:

ஐயா, கடையில் கூட்டிப் பெருக்கின பையனுக்குச் சாப்பாடு போட்டார்கள். சம்பளமும் கணக்கில் எழுதி வைத்தார்கள். அது வேறு, இது வேறு.

தங்கச்சி, நான் வணிக வரலாற்றில் பிஎச்.டி. முடித்தவள். ஏழு வருடம் இதே மாதிரி ஏடுகளோடுதான் கிடந்தேன். முதலில் ஒன்று: அந்த மூன்று பேரேட்டையும் மேடம் தொலைத்திருக்க மாட்டார். அதன் மதிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். 1929-30ல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே 1,650 செட்டியார் வட்டிக் கடைகள் இருந்தன. 1930ல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத விளைநிலம்தான் அவர்கள் கையில் இருந்தது. 1938க்குள் அது 25 சதவீதமானது. நடுவில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலம் கைமாறியது. அது எப்படி நடந்தது, யார் எவ்வளவு பாக்கி, எந்த நிலம் எந்தத் தேதியில் வந்தது என்பதெல்லாம் அரசு அறிக்கையில் மொத்தக் கூட்டலாகத்தான் கிடைக்கும். ஆள் பேரோடு பார்க்க வேண்டுமானால் இப்படிப்பட்ட வீட்டுப் பேரேடுதான் கதி. ஆக, நீங்கள் விலகினால் கோபத்தில் ஏட்டைத் தூக்கி எறிந்துவிடுவார் என்று பயப்படாதீர்கள். அவர் கட்டுரையே அதில்தான் நிற்கும்.

இரண்டாவது, ஏடு உங்களுடையதும் இல்லை, மேடத்துடையதும் இல்லை, ஆச்சியுடையது. கொடுக்கும்போது ரசீது ஏதாவது எழுதினீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். "ஆவணி மாதம் இந்தத் தேதியில், இன்னார் வீட்டிலிருந்து, ஸ்கேன் எடுத்துத் திருப்பித் தருவதற்காக, மூன்று பேரேடுகளை உங்களிடம் ஒப்படைத்தேன், எப்போது திரும்ப வரும்?" அவ்வளவுதான். கூலி, திட்டு, அப்பாவின் கல் எதையும் அதில் கலக்காதீர்கள். என்ன பதில் வந்தாலும், ஏடு தன்னிடம் இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

விலகலாமா என்ற கேள்விக்கு என் பதில்: ஆமாம். ஆனால் இந்த மின்னஞ்சலுக்குப் பிறகு.

கல்லூரி_வாத்தியார் எழுதியது:

நானும் கல்லூரியில் இருப்பவன், ஆகவே கணக்குப் பேசுகிறேன். எத்தனை நாள் போனீர்கள் என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

பூக்கல்_பட்டறை எழுதியது:

பஸ் ஏறின நாளெல்லாம் நோட்டில் இருக்கிறது சார். எண்ணினேன், 94 நாள். சராசரியாக ஆறு மணி நேரம் வரும். ராத்திரி டைப் செய்தது தனி.

கல்லூரி_வாத்தியார் எழுதியது:

இளங்கலை மாணவர்களின் பயிற்சிக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2024ல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. அதில் 1 கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். நீங்கள் உழைத்தது 564 மணி, பதினெட்டு கிரெடிட்டுக்கு மேல். இரண்டு மாதம் பேசி ஏழு மாதம் இழுத்ததை உங்கள் துறைத்தலைவர் கேட்கலாம், கேட்க வேண்டும். பெயர் கொடுத்தவர் அவர்தானே. நோட்டோடு நேரில் போங்கள்.

அவர் நழுவினால், யுஜிசியின் 2023 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் வந்து 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம் (குறைகேட்பு அதிகாரி) மேல்முறையீடு செய்யலாம்.

ஏடுபார்ப்பவள் எழுதியது:

சார் சொல்வது சரி, ஒரே ஒரு திருத்தம். அந்த மேடம் வேறு பல்கலைக்கழகம். இவருடைய கல்லூரிக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. கல்லூரி பயிற்சியை முடித்து வைத்துச் சான்று கொடுப்பதற்கு அந்த வழி உதவும், ஏட்டுக்கு உதவாது.

தங்கச்சி, மறந்துபோனேன். உள்ளே நீங்கள் எடுத்த படங்கள், வரைந்த படங்கள், பேட்டிகள் இருக்குமே? ஒப்பந்தம் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா?

பூக்கல்_பட்டறை எழுதியது:

எதிலும் போடவில்லை அக்கா. பேட்டி 31, எல்லாம் என் போனில் எடுத்தது. அக்டோபரில் மேடம் ஒரு கருத்தரங்கில் பேசினார். ஸ்லைடில் என் படங்கள் ஒன்பது இருந்தன, என் பெயர் இல்லை. நகரத்துப் பிள்ளைகள் பெயர் இருந்தது. ஆத்திரத்தில் டிரைவில் நான் ஏற்றினதையெல்லாம் அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஏடுபார்ப்பவள் எழுதியது:

அழிக்கவே அழிக்காதீர்கள். அப்புறம் பேச்சு முழுக்க நீங்கள் அழித்ததைப் பற்றித்தான் இருக்கும். உங்கள் பங்குக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர்தான் அதன் ஆசிரியர், அதாவது படைத்தவர்; உரிமையும் அவருக்குத்தான். காசு கொடுத்து எடுக்கச் சொன்னாலோ, வேலை அல்லது தொழிற்பயிற்சி ஒப்பந்தத்தில் எடுத்தாலோ உரிமை அடுத்தவருக்குப் போகலாம். உங்களுக்குக் காசும் இல்லை, கையெழுத்தும் இல்லை. சம்பளம் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததில் மேடத்துக்கு வந்த நஷ்டம் இது. விலகல் கடிதத்தில் ஒரே வரி போதும்: "நான் எடுத்த படங்களைப் பயன்படுத்தும் இடத்தில் என் பெயர் வர வேண்டும்."

பேட்டி மட்டும் வேறு விஷயம். பேசியவர்கள் உங்களை நம்பிப் பேசினார்கள். அதை நீங்களும் எங்கும் போடாதீர்கள்.

சிங்கை_அப்பச்சி எழுதியது:

நான் ஏடு வைத்திருக்கும் பக்கம். எங்கள் வளவிலிருந்தும் ஒருவர் பழைய போட்டோக்கள் வாங்கிப் போனார், மூன்று வருடம் ஆயிற்று. வாங்கிப் போனவர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. கூட்டி வந்த உள்ளூர்ப் பையன் என் போனை எடுக்காமல் போனானே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஆச்சி போனை எடும்மா. நாளைக்கே நேரில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொல். ஏசினால் வாங்கிக்கொள். ஏட்டுக்குச் சொந்தக்காரர் கேட்டால் கேட்கிற விதமே வேறு.

தேவகோட்டை_ரஸ்தா எழுதியது:

கல் சமாச்சாரத்தை இன்னொரு தடவை படித்தேன். ஊறாத கல்லை எடுத்துப் போய் உடைத்துவிட்டு, ஊற்றினவரைக் குறை சொல்வதா? முன்னே சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விட்டுவிடு அம்மா.

பூக்கல்_பட்டறை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மறுநாளே ஆச்சி வீட்டுக்குப் போனேன். பட்டாலையில் உட்கார வைத்து முதலில் காபி கொடுத்தார்கள். நான் சொல்லச் சொல்ல ஒன்றும் பேசவில்லை. அழுதுவிட்டேன். "ஏட்டைக் கேக்கத்தான் போன் அடிச்சேன்னு நெனச்சியா? ஆளைக் காணோமேன்னுதான் அடிச்சேன்" என்றார்கள். அப்புறம் நம்பரை வாங்கி, என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டார்கள். மேடம் டிஜிட்டைசேஷன், ஆர்க்கைவ் என்று ஐந்து நிமிடம் பேசினார். ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரிங்கம்மா. வெள்ளிக்கிழமை வந்துருமா?" என்றார்கள். திரும்ப என்னென்னவோ சொன்னார். திரும்பவும் "வெள்ளிக்கிழமை வந்துருமா?" நான்கு தடவை, குரலை ஏற்றாமல்.

வெள்ளி வரவில்லை, திங்கள் வந்தது. காரில் டிரைவர் மட்டும். இரண்டு பேரேடு. மூன்றாவது இன்னும் "ப்ராசஸில்". அக்கா சொன்ன மின்னஞ்சலுக்கும் பதில் வந்தது, "ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது" என்று. அதை அச்செடுத்து ஆச்சியிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே விலகல் கடிதம் அனுப்பினேன், படத்துக்குப் பெயர் வேண்டும் என்ற வரியோடு. "நோட்டட்" என்று ஒரு வார்த்தை வந்தது. குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். துறைத்தலைவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கல்லூரிச் சான்றுக்குக் கையெழுத்துப் போட்டார். பரிந்துரைக் கடிதமும் தானே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதினால்தான் உண்டு.

அப்பாவிடம் கல் விஷயத்தையும் சொன்னேன். "ஆறுதான் உடைஞ்சுச்சா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வந்த பேரேடு இரண்டிலும் முதல் பக்கத்தில், சரியாக 'சிவமயம்' என்று எழுதியிருக்கும் இடத்தின் மேலேயே, நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். ஆச்சி அதைக் கண்டதும்தான் முகம் மாறினார்கள். பிய்த்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும் போலிருக்கிறது. அக்கா, இந்த மாதிரி பழைய தாளில் ஒட்டின பசையை எப்படி எடுப்பது? ஆச்சி தேங்காய் எண்ணெய் தடவலாம் என்கிறார்கள், நான் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏடுபார்ப்பவள் எழுதியது:

எண்ணெய் வேண்டவே வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்! மை ஊறிவிடும். இரண்டையும் அப்படியே மூடி வையுங்கள். பொங்கல் கழிந்து நான் காரைக்குடி வருகிறேன், மெல்லிய கத்தியோடு. ஆச்சியிடம் கேட்டுச் சொல்லுங்கள், என்னை உள்ளே விடுவார்களா என்று.