மாசியில் தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் இரண்டு இரவுகள்: இடம், நிலா, தொலைநோக்கி பற்றி ஆலோசனை தேவை

கிளுவைவேலி (கேள்வி):
வணக்கம். வரும் மாசி மாதம் எங்கள் குடும்பமும் மாமா குடும்பமும் சேர்ந்து இரண்டு இரவுகள் கூடாரமடித்துத் தங்கி வானம் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரை ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள். அப்புச்சியும் (அம்மாவின் அப்பா) வருவதாகச் சொல்லியிருக்கிறார். என்னிடம் 70 மி.மீ. வில்லைத் தொலைநோக்கி ஒன்று, 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்களுடன் (கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைகள்) இருக்கிறது. நண்பர் ஒருவர் தம்முடைய 6 அங்குல டாப்சோனியனை (வில்லைக்குப் பதில் ஆடி வைத்த தொலைநோக்கி) இரவல் தருகிறேன் என்கிறார். வால்பாறை அல்லது தாளவாடி போனால்தான் வானம் தெளிவாக இருக்கும் என்பது மாமாவின் கருத்து. தாராபுரத்துக்குத் தெற்கே பெரியப்பாவின் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) கிணறும் ஒரு சிறு சாளையும் (தோட்டத்து வீடு) இருப்பதால் அதுவே போதும் என்பது என் எண்ணம். அமாவாசையை ஒட்டித்தான் போக வேண்டுமா? படங்களில் பார்த்த வண்ண நெபுலாக்களை (விண்வெளியின் வாயு, தூசி மேகங்கள்) எதிர்பார்த்து வரும் பிள்ளைகள் ஏமாந்து போகக் கூடாது என்பதே என் பெரிய கவலை.

உடுமலை வானோக்கி:
மலைமேல் தூசி குறைவு என்று உங்கள் மாமா சொல்வது சரிதான். ஆனால் தாளவாடிக்குப் போகும் வழி சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் செல்கிறது. திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. வால்பாறையைச் சுற்றியிருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம். யானை நடமாடும் இடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு விளக்கை அணைத்து உட்கார்ந்திருப்பது முறையல்ல. விடுதி வளாகத்துக்குள்ளேயே இருந்துவிட்டால் விடுதியின் விளக்குகளும் உயர்ந்த மரங்களும் பாதி வானத்தை எடுத்துக்கொள்ளும்.

கொறங்காடு இதற்கென்றே அமைந்த இடம் என்பேன். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரமும் தவிர வேறு மறைப்பில்லை. நான்கு திசையிலும் அடிவானம் தெரியும். திருப்பூர், கோவை வெளிச்சம் வடக்கிலும் வடமேற்கிலும்தான் வானத்தை வெளுக்கச் செய்யும். நமக்கு மிகவும் வேண்டிய தெற்கு ஓரளவு இருட்டாகவே இருக்கும். தொலைநோக்கியைச் சாளையின் சிமெண்டுக் களத்தில் வைக்காமல் புல்தரையில் வையுங்கள். பகல் வெயிலை வாங்கிய சிமெண்டு நடு இரவு வரை அனலை விட்டுக்கொண்டே இருப்பதால் கோள்களின் உருவம் அலைபாயும். மாசியைத் தேர்ந்தெடுத்ததும் நல்லதே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னும் தொடங்கியிராது. ஆனி, ஆடியில் அதே இடத்தில் காற்றாலையைச் சுழற்றும் காற்று உங்கள் குழாயையும் ஆட்டிவிடும்.

நிலாவைப் பொறுத்தவரை, அமாவாசை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வளர்பிறைச் சதுர்த்தி, பஞ்சமி ஆகிய இரண்டு நாட்களையும் பிடியுங்கள். முதன்முதலாகத் தொலைநோக்கியில் கண் வைக்கும் பிள்ளைக்கு நிலாவைப் போல மனத்தில் பதியும் பொருள் வேறில்லை. அதிலும் பிறையின் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழுந்து, விளிம்பும் குழியும் தனித்தனியாகத் தெரியும். பௌர்ணமியன்று நிழலே இல்லாமல் அவையெல்லாம் தட்டையாகிவிடும். சதுர்த்தி நிலா இரவு ஒன்பதரையை ஒட்டியும் பஞ்சமி நிலா பத்தேகாலை ஒட்டியும் மறைந்துவிடும் என்பதால், அதன்பிறகு விடியும்வரை முழு இருட்டும் உங்களுக்குக் கிடைக்கும்.

ஈரோடு ஆடி:
இரண்டையும் கொண்டு போங்கள். 6 அங்குல ஆடி 70 மி.மீ. வில்லையைவிட நான்கரை மடங்குக்கு மேல் ஒளியைத் திரட்டும். நெபுலாவுக்கும் விண்மீன் கொத்துக்கும் அதுதான் வேண்டும். நிலாவுக்கு உங்கள் 70 மி.மீ. தாராளமாகப் போதும், வியாழன் அப்போது வானில் இருந்தால் அதன் நான்கு பெரிய நிலாக்களையும் காட்டிவிடும். ஒன்றில் பெரியவர்களும் மற்றொன்றில் சிறுவர்களுமாக நின்றால் வரிசையில் சண்டை வராது.

டாப்சோனியனின் ஆடி வெயிலில் வந்த காரின் சூட்டோடு இருந்தால் உருவம் கலங்கும்; பொழுது சாயும்போதே வெளியில் எடுத்து வைத்து அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். மண் பாதையில் குலுங்கி வந்த பிறகு ஆடிகள் நேராக அமைந்திருக்கின்றனவா என்பதையும் வெளிச்சம் இருக்கும்போதே சரிபாருங்கள்.

சிறு பிள்ளைகள் ஐபீஸை எட்டியதும் அதை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணைப் புதைப்பார்கள். அந்த நொடியில் குழாய் நகர்ந்து, பார்க்க வேண்டியது காணாமல் போகும், குழந்தையோ தெரியாததைத் தெரிகிறது என்று தலையாட்டிவிட்டு இறங்கிவிடும். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்; சின்னவர்கள் ஏறி நிற்க ஆடாத முக்காலி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் சுழற்சியால் பொருள் தானாகவே நகர்வதால், 48 மடங்கு உருப்பெருக்கத்தில்கூடச் சில நிமிடங்களில் பார்வையை விட்டுப் போய்விடும். ஆகவே ஒவ்வொருவர் பார்த்த பின்னும் மீண்டும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவதைப் பெரியவர் ஒருவர் வேலையாகவே ஏற்க வேண்டும்.

வண்ணம் தெரியாது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மங்கிய ஒளியில் நம் கண் நிறத்தை உணர்வதில்லை. படங்களில் நாம் காணும் சிவப்பும் நீலமும் கேமரா நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்துப் பெற்றவை. ஓரியன் நெபுலா சாம்பல் நிறத்தில் விரித்த சிறகுபோலத்தான் தெரியும். அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன என்று சொல்லிக் காட்டினால், பிள்ளைகள் மறுபடியும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

கிளுவைவேலி:
மிக்க நன்றி. மாமாவிடம் காட்டினேன், கொறங்காட்டுக்கு ஒப்புக்கொண்டார். நிலா மறைந்த பிறகு எதை முதலில் காட்டுவது? அப்புச்சிக்குக் குனிந்து பார்ப்பது சிரமம். அவரையும் இதில் சேர்த்துக்கொள்ள வழி உண்டா?

பொள்ளாச்சி தென்வானம்:
அப்புச்சியிடமிருந்தே தொடங்குங்கள். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறந்த நட்சத்திரமும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் பெயரைச் சொல்லட்டும், நீங்கள் வானில் காட்டுங்கள். மாசி முன்னிரவில் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம், பூசம், மகம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக மேற்கிலிருந்து கிழக்கு வரை நிற்கும். பத்தரைக்கு மேல் கிழக்கே சித்திரையும் சுவாதியும் வந்துவிடும். நாற்காலியில் சாய்ந்தபடியே வெறுங்கண்ணால் அவர் இவற்றையெல்லாம் பார்க்கலாம். பூசம் இருக்கும் இடத்தில் வெறுங்கண்ணுக்கு மெல்லிய புகையாகத் தெரிவது, 25 மி.மீ. ஐபீஸில் பார்வை நிறைய விண்மீன்களாகப் பிரியும்.

நிலா மறைந்ததும் முதலில் ஓரியன் நெபுலாவைப் பாருங்கள். அது மேற்கே சாய்ந்துகொண்டே போகும் என்பதால் தள்ளிப் போடக் கூடாது. பிறகு பூசம். தெற்கே அகத்தியர் நட்சத்திரத்தையும் (கனோபஸ்) காட்டுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, விழித்திருக்கும் பெரிய பிள்ளைகளுக்காக ஒமேகா சென்டாரியை விட்டுவைக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கொத்து அது. சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. 11 பாகை அகலாங்கில் இருக்கும் நமக்கோ உச்சியில் 31 பாகை உயரம் வரை ஏறுகிறது. காவலூரில் வானாய்வகம் அமைந்ததற்கும் வட, தென் வானம் இரண்டும் தெரியும் இந்த அகலாங்கு ஒரு காரணம். இரவு இரண்டு மணி வாக்கில் சித்திரையிலிருந்து தெற்கு நோக்கி, நீட்டிய கையின் மூன்றரை முட்டி அளவு இறங்கினால் மங்கிய பஞ்சுப் பொட்டாகத் தெரியும். 6 அங்குலத்தில் 10 மி.மீ. ஐபீஸை வைத்துப் பார்த்தால் அதன் ஓரங்கள் பொடிப் பொடியாகப் பிரிவதைக் காணலாம்.

கோபி வாசகி:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு; தரையில் படுத்துத் தூங்குபவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. ஆகவே கூடாரத்துக்கு வெளியே தூங்குபவர்கள் கயிற்றுக் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுக்கட்டும்; கூடாரத்தின் ஜிப் எப்போதும் மூடியிருக்கட்டும்; புல்லில் நடக்கும்போது எல்லோரும் ஷூ அணிய வேண்டும். டார்ச்சின் முகப்பில் சிவப்பு செலோபன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டினால் கால் வைக்கும் இடமும் தெரியும், இருளுக்குப் பழகிய கண்ணும் கெடாது. வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மீண்டும் பழக அரைமணி ஆகும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். வில்லையில் பனி படிந்தால் துண்டால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள். விடிந்ததும் இரண்டு தொலைநோக்கிகளையும் மூடிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்; பிள்ளைகள் விளையாட்டாகச் சூரியனை நோக்கித் திருப்பினால் ஒரு நொடியில் பார்வை போய்விடும்.